கேளாமல் விட்ட கேள்வி: யப்பானியத் தத்துவமும் யுத்தமும்

(வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



யப்பான் என்றதும் நம்மவருள் ஒரு சாராருக்கு நினைவில் எழுவது அந்நாட்டின் யந்திரத் திறமை. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் யந்திரம் முதல் வீதியில் ஓடும் மோட்டார் வண்டி வரை அவர்களது கைவண்ணத்தை நாம் அறிவோம். முதியோர் வாய்க் கேட்டறிந்தோருக்கு நினைவில் எழுவதோ வேறொன்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நான்கு நாட்களின் பின், 9ஆந் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது. மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்களையும் அங்கே உறவினரை இழந்தவர்களையும் கொண்ட குடும்பங்கள் நம் ஊர்களில் அநேகம். அக்குடும்பங்களில் யப்பானியர் ஆட்சிக்காலம் என்பது நெடுங்காலம் தாழ்ந்த குரலிலேயே பேசப்பட்டு வந்தது.

அவ்விமானங்களின் பின்னால் போர்க்கப்பல்கள் இருந்தன. கப்பல்களின் பின்னால் ஓர் அரசாங்கம் இருந்தது. அவ்வரசாங்கத்தின் பின்னால் என்ன இருந்தது? பேராசையும் இராணுவ வெறியும் இருந்தன என்று சொல்லிவிடலாம். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. அங்கே சில உயர்ந்த சொற்களும் இருந்தன. விடுதலை, கடமை, தியாகம், உலக சரித்திரத்தின் அழைப்பு, ஆசியாவின் மறுமலர்ச்சி என்பன அச்சொற்கள். அவற்றுக்குப் பொருள் கூறிய பேராசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் காண்டையும் ஹேகலையும் மூலமொழியிலே கற்றவர்கள். புத்த தருமத்தின் ஆழங்களை உணர்ந்தவர்கள். கல்வியில்லாத நாடு வழிதவறினால் கல்வியின்மையைக் குறை கூறலாம். இத்துணைக் கல்வி மிகுந்த ஒரு நாட்டிலே, அக்கல்வி ஏன் அந்நாட்டைக் காக்கவில்லை? இதுவே இன்று யான் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுக்கு மேலே என்ன இருக்கிறது, அரசை நோக்கி ‘நீ செய்வது நீதியா?’ என்று கேட்க யாருக்கு உரிமை என்ற ஒரு கேள்வி உண்டு. யப்பானின் சிறந்த சிந்தனையாளர் பலர் அக்கேள்வியை மரியாதையோடு ஒதுக்கி வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தக்க காரணம் இருந்தது. கேளாமல் விட்ட கேள்வி ஒரு நாள் துப்பாக்கியோடு திரும்பி வந்தது.

அத்திவாரம்

1868ஆம் ஆண்டு மெய்ஜிப் பேரரசரின் பெயரால் பழைய ஆட்சி வீழ்த்தப்பட்டபோது யப்பானியர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒரு வழியைக் காட்டியவர் புக்குசாவா யுகிச்சி. 1872இல் வெளிவரத் தொடங்கிய ‘கல்விக்கு ஓர் ஊக்கம்’ என்னும் தமது நூலில், பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்றும், தனிமனிதன் தன்காலில் நில்லாவிடின் தேசமும் தன்காலில் நில்லாது என்றும் அவர் வற்புறுத்தினார். அடுத்த பத்தாண்டிலே பாராளுமன்றம் வேண்டும், மக்களுக்கு உரிமை வேண்டும் என்று நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அதிலே கிராமத்தவரும் பெருந்தொகையாகச் சேர்ந்தனர்.

ஆட்சியாளர் மற்றை வழியைத் தெரிந்தெடுத்தனர். 1889ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு மக்கள் ஆக்கிய யாப்பன்று. பேரரசர் தம் குடிகளுக்கு அருளிய கொடை. அதன்படி பேரரசர் புனிதமானவர், தீண்டத்தகாதவர். தரைப்படையும் கடற்படையும் நேரே அவருடைய ஆணைக்கு உட்பட்டன. பாராளுமன்றம் இருந்தது, ஆனால் படைகளைக் கட்டுப்படுத்தும் கயிறு அதன் கையில் இல்லை. மறுவருடம், 1890இல், கல்வி பற்றிய பேரரசரின் திருமுகம் வெளியாயிற்று. பெற்றோரைப் பேணுதல், உடன்பிறந்தாரிடம் அன்பு, கல்வியில் ஊக்கம் முதலிய நல்லறங்களெல்லாம் அதிலே இருந்தன. அவ்வறங்களின் முடிவாக, ஆபத்து வந்தால் அரசுக்கு உயிரை அர்ப்பணித்தல் வைக்கப்பட்டது. பாடசாலை விழாக்களிலே பிள்ளைகள் தலைகுனிந்து நிற்க அத்திருமுகம் வாசிக்கப்பட்டு வந்தது.

இங்கேதான் நாம் சற்றுத் தரித்து நோக்கவேண்டும். வரி கொடு என்பது அரசின் கட்டளை. சட்டத்தை மீறாதே என்பதும் அரசின் கட்டளை. ‘நல்லவன் என்றால் யார்’ என்பதையும் அரசே வகுத்துவிட்டால், அவ்வரசு செய்வது தவறு என்று சொல்ல மனிதனுக்கு நிற்குமிடம் எங்கே? 1891ஆம் ஆண்டு சனவரியில் டோக்கியோவின் உயர்தரக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்த உச்சிமுரா கன்சோ என்னும் கிறிஸ்தவர், அத்திருமுகத்தின்முன் விதித்தபடி தாழ வணங்கத் தயங்கினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது; அவர் பதவி இழந்தார். தலை எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்து பார்க்கும் அரசு, மனத்துக்குள்ளும் அளவுகோலை நீட்டும் என்பதற்கு அது முதல் அறிகுறி.

ஒதுக்கி வைத்த கேள்வி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே யப்பானில் நல்ல காலம் ஒன்று பிறந்தது போலத் தோன்றிற்று. 1916இல் டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் யொஷினோ சகுசோ புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். அரசின் நோக்கம் மக்களின் நலம். கொள்கைகளை முடிவு செய்கையில் மக்களின் கருத்தே கடைசியிற் செல்லவேண்டும் என்பது அவர் வாதம். ஆனால், இறைமை யாருடையது என்ற கேள்வியைத் தாம் எழுப்பவில்லை என்று அவர் ஒதுக்கி வைத்தார். அதனாலேயே ‘மக்களாட்சி’ என்னும் வழக்கமான சொல்லை விலக்கி, மக்களை அடிப்படையாகக் கொண்ட ஆட்சி என்ற பொருள்படும் ‘மின்பொன்ஷுகி’ என்னும் சொல்லைக் கையாண்டார். இது கோழைத்தனமன்று. யாப்பு பேரரசருக்கு இறைமை தந்திருக்கையில், யாப்பை மீறாமலே மக்களுக்கு எவ்வளவு பெறலாம் என்று பார்த்த விவேகம் அது. அதனாற் பயனும் உண்டாயிற்று. 1925இல் ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது.

அதே ஆண்டிலேயே சமாதானப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ‘கொக்குதாய்’ என்பதை மாற்ற எண்ணிச் சங்கம் அமைப்போரை அச்சட்டம் தண்டித்தது. கொக்குதாய் என்ற சொல்லை ‘நாட்டின் மெய்யுரு’ எனத் தமிழாக்கலாம். தலைமுறை தலைமுறையாக ஆளும் பேரரச வமிசமும் அதன்கீழ் ஒரே குடும்பம்போல் வாழும் குடிகளும் என்பது அதன் குறிப்பு. குறிப்பு என்றே சொல்கிறேன்; எல்லை எவரும் வகுத்ததில்லை. எல்லை வகுக்கப்படாத ஒன்றை மீறியதற்காக மனிதரைச் சிறையிலிடலாம் என்று சட்டம் சொல்லிற்று. மூன்று ஆண்டுகளுள், 1928இல், அதற்கு மரண தண்டனையும் சேர்க்கப்பட்டது. வாக்குச்சீட்டை ஒரு கையாற் கொடுத்து, வாய்ப்பூட்டை மறு கையாற் கொடுத்தார்கள்.

நியாயவாதிகளாய் இச்சபையில் இருப்போர் மினோபே தத்சுகிச்சியின் கதையை ஊன்றிக் கேட்கவேண்டும். அவர் டோக்கியோவிலே யாப்புச் சட்டப் பேராசிரியர். இறைமை என்பது அரசு என்னும் சட்ட நபருக்கு உரியது. பேரரசர் அவ்வரசின் மிக உயர்ந்த உறுப்பு என்று அவர் கற்பித்தார். சட்ட நூலில் இது சர்வசாதாரணமான கொள்கை. 1912 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது சர்வகலாசாலைகளில் ஏற்கப்பட்டு வந்தது. நீதிபதிகளும் உயர் உத்தியோகத்தர்களும் அதனைக் கற்றே பதவி பெற்றார்கள். 1935ஆம் ஆண்டு பெப்புருவரியில் பிரபுக்கள் சபையிலே ஓர் ஓய்வுபெற்ற தளபதி எழுந்து, மினோபே துரோகி என்றார். மினோபே அச்சபையின் அங்கத்தவர்; எழுந்து அமைதியாகத் தம் கொள்கையை விளக்கினார். விளக்கத்தைக் கேட்டுக் கைதட்டியோரும் உண்டு. ஆனால் வெளியே கூச்சல் வளர்ந்தது. அவரது நூல்கள் தடைசெய்யப்பட்டன. அவர் சபையைவிட்டு விலக நேர்ந்தது. 1936இல் அவரது வீட்டுக்கு வந்த ஒருவன் அவரைச் சுட்டுக் காயப்படுத்தினான்.

இதில் வியப்பு யாதெனில், அக்கொள்கையைக் கற்றுத் தேறிப் பதவி வகித்தவர்கள் நாடு நிறைய இருந்தார்கள். அவர்களுள் வாய் திறந்தவர் மிகச் சிலர். ஒரு தத்துவம் பரீட்சைக்குப் படிக்கப்படுவது வேறு. மனத்தில் வேரூன்றுவது வேறு. இரண்டு ஆண்டுகளின் பின், 1937இல், கல்வி அமைச்சு ‘கொக்குதாயின் மூலதத்துவம்’ என்ற நூலை வெளியிட்டுப் பாடசாலைகளுக்கெல்லாம் அனுப்பிற்று. தனிமனிதன் என்ற எண்ணமே மேனாட்டு நோய் என்று அது போதித்தது.

கமக்காரரின் பெயரால்

இவையெல்லாம் பட்டணத்துப் படிப்பாளிகளின் சச்சரவுகள், கலப்பை பிடித்தவனுக்கு இதில் என்ன என்று கமக்காரச் சகோதரர் கேட்கலாம். அவருக்குத்தான் இதில் அதிக பங்குண்டு.

யுத்தத்துக்கு முன்னைய யப்பானில் விளைநிலத்தின் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு குத்தகை நிலம். நெல் விளைச்சலில் ஏறக்குறைய பாதியைக் குத்தகைக் கமக்காரன் நிலச்சொந்தக்காரனுக்கு அளந்தான். 1930 அளவில் உலகப் பொருளாதாரம் வீழ்ந்தபோது பட்டின் விலையும் பெரிதும் வீழ்ந்தது. பட்டுப்பூச்சி வளர்த்து வயிறு வளர்த்த வீடுகளெல்லாம் கடனில் மூழ்கின. 1934இல் வடகிழக்குப் பகுதியிலே குளிர்மிகுந்து பயிர் பொய்த்தது. பெண்பிள்ளைகளைப் பட்டணத்து விடுதிகளுக்கு விற்ற குடும்பங்கள் பல. அப்பிள்ளைகளின் சகோதரர்களே படைமுகாம்களில் சிப்பாய்களாக இருந்தார்கள்.

அவ்வேளையில் வேளாண்மையே நாட்டின் வேர் என்னும் தத்துவம் ஒன்று ஓங்கிற்று. பட்டணம் கெட்டது, முதலாளி கெட்டவன், கட்சி அரசியல்வாதி கெட்டவன், மண்ணை உழுபவனே தூயவன் என்றது அத்தத்துவம். கேட்பதற்கு இனிமையான சொற்கள்! மித்தோ நகருக்கு அண்மையில் தாமே பண்ணை அமைத்துப் பள்ளியும் நடத்திய தச்சிபானா கோசபுரோ அதன் போதகர்களில் ஒருவர். 1932ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி கடற்படை இளம் அதிகாரிகள் பிரதம மந்திரி இனுக்காய் சுயோஷியைச் சுட்டுக் கொன்றபோது, தச்சிபானாவின் மாணவர்கள் டோக்கியோவைச் சுற்றியிருந்த மின்சார நிலையங்களைத் தாக்கினர். நகரம் இருளில் மூழ்கினால் அது தன் பாவத்தை உணரும் என்று எண்ணினர் போலும். விளக்குகள் அணையவில்லை, அணைந்தது கட்சி ஆட்சி. அதன் பின் யுத்தம் முடியும்வரை பாராளுமன்றக் கட்சி எதுவும் அரசாங்கம் அமைக்கவில்லை.

கமக்காரனைத் தெய்வமாக்கிய அரசு, அவன் குத்தகையை ஒழித்ததா? இல்லை. நிலச்சொந்தக்காரனைத் தொடாமலே நிலப்பசியைத் தீர்க்க அது வேறொரு வழி கண்டது. சீனரிடமிருந்து பறித்த மஞ்சூரியாவில் இருபது ஆண்டுகளில் பத்து இலட்சம் குடும்பங்களைக் குடியேற்றுவதென 1936இல் திட்டம் வகுத்தது. ஏறக்குறைய 2,70,000 பேர் சென்றனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட காணிகளிற் பெரும்பகுதி, சீனக் கமக்காரரிடமிருந்தும் கொரியக் கமக்காரரிடமிருந்தும் அற்ப விலைக்கு வற்புறுத்தி வாங்கப்பட்டவை. 1945 ஆகஸ்டில் சோவியத் படைகள் நுழைந்தபோது யப்பானியப் படை அவர்களைக் கைவிட்டுப் பின்வாங்கிற்று. பசியாலும் குளிராலும் நோயாலும் தாக்குதலாலும் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டும் இறந்த குடியேறிகள் ஏறக்குறைய 80,000 பேர். உழவனைப் புகழும் தத்துவத்தைக் கேட்கும்போது, அது அவனுக்குக் காணி உறுதி தருகிறதா, அல்லது பாட்டு மட்டும் தருகிறதா என்று கேட்கவேண்டும். யப்பானில் குத்தகை நிலம் உழுபவன் கைக்கு வந்தது யுத்தத்தின் பின், 1946ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தாலேயே. அது எவருடைய வீரகாவியத்தாலும் வரவில்லை. ஒரு சட்டத்தினால் வந்தது.

கியோட்டோவின் பேராசிரியர்கள்

இனி, மிக உயர்ந்த இடத்துக்குச் செல்வோம். நிஷிதா கிதாரோ (1870–1945) யப்பான் தந்த முதற் பெரும் தத்துவஞானி எனலாம். 1911இல் வெளியான ‘நன்மை பற்றிய ஆராய்ச்சி’ என்னும் அவரது நூலை மாணவர் வேதம்போற் படித்தனர். காண்பவன், காணப்படும் பொருள் என்ற பிரிவு தோன்றுமுன் உள்ள தூய அனுபவம் என்ன என்று அவர் தேடினார். சென் தியானத்தையும் மேனாட்டுத் தருக்கத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர் அவர். கியோட்டோ சர்வகலாசாலையில் அவரைச் சுற்றி வளர்ந்த மாணவர் கூட்டத்தையே உலகம் கியோட்டோச் சிந்தனைக் குழாம் என்கிறது.

நிஷிதா யுத்த வெறியர் அல்லர். வெறியர்கள் அவரையே மேனாட்டுச் சிந்தனையாளர் என்று தூற்றினர். 1940இல் வெளியான ‘யப்பானியப் பண்பாட்டின் பிரச்சினை’ என்னும் நூலில், யப்பான் மற்றை நாடுகளை அடக்கியாளும் ஒரு வல்லரசாகத் தன்னை ஆக்கிக்கொள்ளலாகாது என்று அவர் எச்சரித்தார். ஆனால் எச்சரித்த முறை எது? ‘பேரரச நெறி’, ‘மெய்யுரு’ என்று அரசு முழக்கிய சொற்களையே தாமும் எடுத்து, அவற்றுக்கு உலகம் தழுவிய உயர்ந்த பொருள் கூற முயன்றார். 1943இல் அரசாங்கத்தோடு தொடர்புடையோர் கேட்டதற்கு இணங்க, உலகப் புது ஒழுங்கின் தத்துவம் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ஒவ்வொரு தேசமும் தன் தனித்தன்மையோடு நின்று உலகோடு இணையவேண்டும் என்றது அக்கட்டுரை. கிழக்காசியாவுக்கு யப்பானே நடுவாக நிற்கவேண்டும் என்றும் அது கூறிற்று. பிரதம மந்திரி தோஜோவின் பேச்சு வெளியானபோது, அதில் தம் கருத்து எதுவும் இடம்பெறவில்லை என்று நிஷிதா மனம் வருந்திக் கடிதம் எழுதினார்.

நிஷிதாவுக்காக வாதாடுவோர், அது சொற்களின் பொருளுக்காக நடந்த கயிறிழுப்பு என்பர். உண்மைதான். ஆனால் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது பொலிசும் படையும் பத்திரிகைத் தணிக்கையும். பேராசிரியர் சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தார். அரசு அவருடைய புகழை எடுத்துக்கொண்டு, சொல்லைப் பழைய பொருளிலேயே வழங்கிற்று.

அவருக்குப் பின் அப்பீடத்தில் அமர்ந்த தனாபே ஹஜிமே (1885–1962) இன்னும் ஒரு படி சென்றார். தனிமனிதனுக்கும் மனிதகுலம் முழுவதற்கும் இடையே இனம், தேசம் என்ற ஒன்று உண்டு. அதனைத் தத்துவம் மறந்துவிட்டது என்று 1934 முதல் அவர் எழுதினார். ஆழ்ந்த கருத்து. ஆனால் அவ்விடைநிலையைத் தாங்கும் அரசுக்கு அவர் தந்த தானம் மேலும் மேலும் உயர்ந்தது. 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் கியோட்டோ மாணவர்களுக்கு மரணமும் வாழ்வும் என்னும் பொருள் பற்றி அவர் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டின் முடிவிலே மாணவர்கள் படைக்கு அழைக்கப்பட்டனர். மரணம் பற்றிப் பேராசிரியர் பேசியது வகுப்பறையில். மாணவர் விடைபெற்றுச் சென்றது போர்க்களத்துக்கு.

இளையவர் நால்வர், கோசாக்கா, கோயாமா, நிஷித்தானி, சுசுக்கி என்போர், 1941 நவம்பர் 26ஆந் திகதி கூடி உரையாடினர். பேர்ள் துறைமுகம் தாக்கப்படுதற்கு இரண்டு கிழமைகூட இருக்கவில்லை. உலக சரித்திரத்தில் யப்பானின் நிலை என்னும் அவ்வுரையாடலும் தொடர்ந்த இரண்டும் ஒரு முன்னணிச் சஞ்சிகையில் வெளிவந்து, 1943இல் நூலாயின. ஐரோப்பா உலகை ஆண்ட காலம் முடிகிறது. யுத்தம் ஒழுக்க வலிமையின் வெளிப்பாடு. பல்வேறு பண்பாடுகள் கூடிய புது உலகை யப்பான் திறந்து வைக்கும் என்பது அவர்கள் பேச்சு. கடற்படையின் ஒரு பகுதியாரோடு அவர்கள் இரகசியமாகக் கூடிவந்ததைக் காட்டும் குறிப்புகள் 2001இல் நூலாக வெளிவந்தன. தரைப்படையின் வெறியைத் தணிக்கவே அவ்வாறு செய்தனர் என்பாரும் உளர். தரைப்படைச் சார்பினரோ அவர்களது பேச்சுப் போதிய பக்தியற்றது என்று பழித்தனர்.

நீதியோடு பேசுவோமாயின், ஐரோப்பிய ஆதிக்கம் பற்றி அவர்கள் கூறியதில் உண்மை இருந்தது. அன்று ஆசியாவின் பெரும்பகுதி அந்நியர் கொடியின்கீழ்க் கிடந்தது. இத்தீவும் அவ்வாறே கிடந்தது. ஆனால் 1910இல் யப்பான் விழுங்கிய கொரியாவை அவர்கள் என்னென்பர்? 1937 டிசெம்பரில் நான்கிங் நகரில் வெட்டுண்டோரை என்னென்பர்? புது உலகம் பற்றி நால்வர் உரையாடினர்; அவ்வுரையாடலில் ஒரு கொரியனோ ஒரு சீனனோ அமர்ந்திருக்கவில்லை. ஆசியாவை விடுவிக்கும் சொல் சயாம்–பர்மா ரயில்பாதையிலே என்ன பொருள் பெற்றது என்பதை மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் அறிந்தனர். 1942க்கும் 1943க்கும் இடையே காட்டிலும் மழையிலும் வாந்திபேதியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். தத்துவத்தின் கணக்கை அதன் நூலிற் பார்ப்பது பாதி. அது சென்றடைந்த இடத்திற் பார்ப்பது மறுபாதி.

கேட்டவர்கள்

அக்காலத்தில் எவராலும் வேறுவிதமாக நடந்திருக்க முடியாது என்று சிலர் சொல்வர். அது சரியன்று. கேட்டவர்கள் இருந்தார்கள்.

உச்சிமுராவின் சீடரும் டோக்கியோவில் குடியேற்ற நாட்டுக் கொள்கைப் பேராசிரியருமான யனைஹரா ததாவோ, சீன யுத்தம் தொடங்கிய 1937இலேயே ‘அரசின் இலட்சியம்’ என்ற கட்டுரையை எழுதினார். அரசின் இலட்சியம் நீதி. அரசு நீதியை ஆக்குவதில்லை, நீதியே அரசை அளக்கிறது என்பது அதன் சாரம். சஞ்சிகையிலிருந்து அக்கட்டுரை நீக்கப்பட்டது. ஆண்டு முடியுமுன் அவர் பதவி துறக்க நேர்ந்தது. பாராளுமன்றத்திலே சைத்தோ தக்காவோ 1940 பெப்புருவரி 2ஆந் திகதி எழுந்து, புனித யுத்தம் என்ற அலங்காரச் சொல்லின் கீழ் மக்களின் பலியை மறைப்பது ஏன், இவ்யுத்தம் எப்பொழுது எவ்வாறு முடியும் என்று கேட்டார். அவர் பேச்சின் பெரும்பகுதி பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. மார்ச்சு 7ஆந் திகதி, 296 வாக்குகளால் அவர் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். எதிர்த்து வாக்களித்தவர் எழுவர். 1942 தேர்தலிலே, அரசாங்க ஆதரவின்றி நின்ற அவரை அவருடைய தொகுதி மக்கள் மீண்டும் தெரிந்தனுப்பினர். நாட்டுப்புறத்து வாக்காளர் பேராசிரியர்களைவிடத் தெளிவாகக் கண்டிருந்தார்கள்.

தொசாக்கா ஜுன் கியோட்டோவில் நிஷிதாவிடம் பயின்றவர். 1935இலே ‘யப்பானியக் கருத்தியல் ஆய்வு’ என்னும் நூலில், ‘யப்பானிய ஆவி’ என்ற பேச்சு தன்னைத் தானே விளக்கிக்கொள்ளாத ஒரு மந்திரம் என்று காட்டினார். 1938இல் சிறைப்பட்டார். நாகசாகியின்மீது அணுகுண்டு வீழ்ந்த அதே 1945 ஆகஸ்டு 9ஆந் திகதி நகானோ நகரச் சிறையிலே இறந்தார். அவர் தோழர் மிக்கி கியோஷியின் முடிவு இன்னும் கசப்பானது. மிக்கி முதலில் அரசோடு ஒத்துழைத்தவர்; பிரதம மந்திரி கொனோயேயின் ஆலோசனைக் குழுவிலே சேர்ந்து, கிழக்காசிய ஒத்துழைப்புக்குத் தத்துவம் எழுதியவர். உள்ளிருந்து திருத்தலாம் என்று நம்பினார். 1945 மார்ச்சில், தப்பியோடிய நண்பர் ஒருவருக்கு உதவியதற்காகச் சிறையிடப்பட்டார். ஆகஸ்டு 15ஆந் திகதி யுத்தம் முடிந்தது, சிறைக்கதவு திறக்கவில்லை. செத்தெம்பர் 26ஆந் திகதி நோயுற்று அங்கேயே மாண்டார். பேரரசு தோற்றபின்னும் நாற்பது நாட்களுக்கு மேலாக அதன் சட்டம் ஒரு தத்துவஞானியைப் பூட்டி வைத்திருந்தது. அரசியற் கைதிகள் விடுதலையானது ஒக்டோபரிலேயே.

யுத்தத்தின் பின்

1946இல் இரண்டு எழுத்துகள் வெளியாயின. ஒன்று தனாபேயின் ‘பச்சாத்தாப நெறியாகத் தத்துவம்’. அரசுக்கு உண்மையைச் சொல்லவேண்டிய கடமை ஒருபுறமும், யுத்தகாலத்தில் நாட்டைப் பிளக்கலாகாது என்ற அச்சம் மறுபுறமுமாகத் தாம் தவித்துத் தோற்றதை அந்த முதியவர் ஒப்புக்கொண்டார். தம் அறிவின் தோல்வியையே தத்துவத்தின் தொடக்கமாக்கினார். அது பெரிய காரியம். ஆயினும், எல்லோரும் பாவிகள், எல்லோரும் மனம் வருந்துவோம் என்ற பேச்சில், எவர் எதற்குப் பொறுப்பு என்ற சிறு கணக்கு மறைந்துபோகும் அபாயமும் உண்டு.

அக்கணக்கைத் திறந்தவர் முப்பத்திரண்டு வயது இளைஞர் ஒருவர். மருயாமா மசாவோ யுத்தத்தின் இறுதியிலே சாதாரணச் சிப்பாயாக ஹிரோஷிமாவின் துறைமுகப் பகுதியில் இருந்தவர். அணுகுண்டின் ஒளியைக் கண்டவர். 1946 மே மாதத்தில் அதிதீவிரத் தேசியவாதத்தின் தருக்கமும் உளவியலும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கூறியது இது: ஐரோப்பாவில் மதயுத்தங்களின் பின், எது உண்மை எது நன்மை என்பதை மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் விட்டு, அரசு வெளி ஒழுங்கை மட்டும் காப்பது என்ற எல்லை மெல்லமெல்ல உருவாயிற்று. யப்பானிய அரசு அந்த எல்லையை ஏற்கவேயில்லை. நன்மையின் ஊற்றே தான் என்றது. ஆதலால் அங்கே ஒவ்வொருவனும் பேரரசருக்கு எவ்வளவு அண்மையில் நிற்கிறான் என்பதைக் கொண்டே தன்னை மதித்தான். மேலிருப்பவன் தந்த நெருக்குதலைக் கீழிருப்பவன் மேல் இறக்கினான். கடைசிச் சிப்பாய்க்குக் கீழே எவருமில்லை. ஆதலால் அவன் அதனைச் சீனத்துக் கிராமத்தின் மேல் இறக்கினான். எல்லோரும் கட்டளைக்குப் பணிந்தோம் என்றனர்; முடிவு செய்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

மருயாமாவின் விளக்கத்திலும் குறை காண்போர் உண்டு. ஐரோப்பாவை அவர் மிக வெண்மையாக வரைந்துவிட்டார் என்பர். அந்த எல்லையை வகுத்த ஐரோப்பாவிலேயே ஹிட்லரும் எழுந்தான் என்பதை நாம் மறக்கலாகாது. தத்துவப் பேராசிரியர்கள் தலைவணங்கிய நாடு யப்பான் ஒன்றேயன்று. ஆனால் அவர் நாட்டிய கம்பம் இன்னும் அசையவில்லை: அரசு நுழையக்கூடாத ஓர் அறை ஒவ்வொரு மனிதனுள்ளும் வேண்டும்.

1947 மே 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய யாப்பு இறைமையை மக்களிடம் வைத்தது. சிந்தனைச் சுதந்திரத்தையும் மனச்சாட்சியையும் கல்விச் சுதந்திரத்தையும் வெளிப்படையாக எழுதிற்று. யொஷினோ ஒதுக்கி வைத்த கேள்விக்கு முப்பத்தொரு ஆண்டுகளின் பின், இலட்சோபலட்சம் உயிர்களின் விலையில், ஒரு விடை எழுதப்பட்டது. பதவி இழந்த யனைஹரா 1951இல் டோக்கியோ சர்வகலாசாலையின் தலைவரானார்.

பெரியோர்களே, முடிக்கிறேன். நிஷிதாவையும் தனாபேயையும் பழித்துவிட்டு நாம் உயர்ந்தவர்கள் என்று வீடு செல்வது எளிது. அதற்காக யான் இங்கே வரவில்லை. அவர்கள் நம்மில் அநேகரைவிட அறிவிற் பெரியவர்கள். தம் நாட்டை நேசித்தவர்கள். அவர்கள் தவறு அறிவின்மையால் வந்ததன்று. ஒரு சிறு ஒத்திவைப்பால் வந்தது. இன்று இச்சொல்லை ஏற்றுக்கொள்வோம், அதன் பொருளை நாளைக்கு நாம் திருத்துவோம் என்ற ஒத்திவைப்பு அது. நாளை வருமுன் சொல் சீருடை அணிந்துகொண்டது.

நாட்டை நேசிப்பதில் குற்றமில்லை; மொழியை, மண்ணை, முன்னோரை நேசிப்பதிலும் குற்றமில்லை. அந்த நேசத்தின் பெயரால் ஒருவர் நம்மிடம் வந்து நிற்கையில், அவர் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும், நம்முடைய கொடியையே பிடித்திருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்போம். நீர் செய்வதை எந்த நீதியால் அளப்பது? தவறு நேர்ந்தால் எவர் பொறுப்பு? இதனால் துன்புறப்போகும் அயலானை நீர் கேட்டீரா? படித்தவர் கேட்கத் தவறினால் கமக்காரர் கேட்கட்டும். சைத்தோவைத் திரும்பவும் அனுப்பிய வாக்காளர் கேட்டதுபோற் கேட்கட்டும். கேள்வியை அன்றைக்கே கேட்டுவிடுவது நன்று. ஒத்திவைத்த கேள்விக்கு வட்டி உண்டு. அந்த வட்டியைப் பெரும்பாலும் கேளாதவர்களின் பிள்ளைகளே கட்டுகிறார்கள்.